மாநிறம் தீர்த்த வள்ளல்கள்

சென்னையில் ஒப்பனைக் கலைஞர்களுக்கு விருது விழா எடுக்கிறார்கள். விழா மலருக்கு ஒரு வாழ்த்துரை வேண்டும் என்று கேட்டார்கள். ஃபேஷன் ஷோ, போர்ட்ஃபோலியோ, கல்யாண ஆல்பம் என்று இவர்கள் தீட்டிய முகங்களைப் படமெடுத்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. மறுக்க முடியுமா? விருதுக்குப் பெயர் பதியக் கட்டணம் உண்டாம். கட்டியவர் அத்தனை பேருக்கும் விருதும் உண்டாம். தோற்றவர் என்று ஒருவர்கூட இல்லாத போட்டியை நடத்துகிறவர்களின் மனசு எவ்வளவு விசாலமாக இருக்க வேண்டும்! அந்த விசாலத்துக்குக் குறைவு வராமல் நானும் நாலு நல்ல வார்த்தை சொல்கிறேன்.

நிற பேதம் ஒழிய வேண்டும் என்று இந்த மண்ணில் எத்தனையோ பேர் தொண்டை வறளப் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். ஒப்பனைக் கலைஞர்கள் மைக் பிடிக்கவில்லை, ஊர்வலம் போகவில்லை. ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தார்கள், மூன்று மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டார்கள். ஒரு புடவைக் கடையின் ஷோவில் கண்ணாரக் கண்டேன். ஹோட்டல் விருந்து மண்டபத்துக்குப் பின்னால் 16 பெண்கள். ஒருத்தி தூத்துக்குடி, ஒருத்தி திண்டுக்கல், ஒருத்தி மணிப்பூர், இரண்டு பேர் பெங்களூர். மதியம் வந்து உட்காரும்போது நிறமும் மூக்கும் ஆளுக்கொரு தினுசு. தூத்துக்குடிப் பெண்ணுக்கு மேலுதட்டு ஓரத்தில் ஒரு மச்சம். லென்ஸ் வழியாகப் பார்த்தபோது, இன்றைக்கு எடுக்கும் படங்களில் நிற்கப்போவது அதுதான் என்று நினைத்தேன். மாலை 6 மணிக்கு எல்லோரும் வரிசையில் நின்றபோது மூக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நடுவில் வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் பழுப்புக் கோடு. புருவம் ஒன்று. கன்னத்து மினுமினுப்பு ஒன்று. மச்சம் கன்சீலருக்கு அடியில் சமாதியாகிவிட்டது. ஷோ டைரக்டர் இடுப்பில் குத்திய நம்பரைப் பார்த்துத்தான் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டார். துணைக்கு வந்திருந்த ஓர் அம்மா இட்லிப் பொட்டலத்தோடு வரிசையை இரண்டு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதுல எங்க புள்ள யாரு?"

பெற்ற வயிற்றுக்கே பேதம் தெரியாத சமத்துவத்தை வேறு எந்தத் துறை கொடுத்திருக்கிறது?

கொடைக்கு வருவோம். கேட்டால் கொடுப்பவன் வள்ளல். இவர்கள் கேட்காமலே இரண்டு ஷேடு கூட்டிக் கொடுக்கிறார்கள். பழைய பாடம் என்ன சொல்கிறது தெரியுமா? தாடை ஓரத்தில் இரண்டு மூன்று ஷேடுகளைத் தீற்று, பெண்ணை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போ, எது தோலோடு தோலாகக் காணாமல் போகிறதோ அதை எடு, கழுத்தோடும் ஒத்துப்பார். தோலுக்கு அடியில் மஞ்சள் ஓடுகிறதா, சிவப்பு ஓடுகிறதா, பச்சை கலந்த ஆலிவா என்று கவனி. கருவளையத்தின் மேல் நேராகக் கன்சீலரை அப்பாதே, ஆரஞ்சு கரெக்டர் வைத்துவிட்டு அப்புறம் போடு, இல்லாவிட்டால் மாநிறத்தில் சாம்பல் பூக்கும். எத்தனை உபத்திரவம்! இதையெல்லாம் நம்மவர்கள் "கொஞ்சம் பிரைட்டா போட்டுரலாம்மா" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்கள். அதற்குப் பெண் மறுப்புச் சொல்ல வாயெடுத்தாலும் பக்கத்தில் நிற்கும் அத்தை விடமாட்டார். சாம்பல் பூத்தால் என்ன? திருநீறு என்று எண்ணிக்கொண்டால் புண்ணியமாவது சேரும்.

இந்தக் கொடை தாடையோடு நின்றுவிடும். கழுத்து, காது, மருதாணிக் கை எல்லாம் பெண்ணின் சொந்தப் பொறுப்பு. தாடைக்கு மேலே காஷ்மீர், கீழே கன்னியாகுமரி. தேசிய ஒருமைப்பாட்டை இப்படி ஒரே உடம்பில் காட்டிய கலை இன்னொன்று இல்லை.

என் ஃபிளாஷுக்கும் இவர்களால்தான் கௌரவம். வெயில் தடுக்கும் எஸ்.பி.எஃப். சேர்த்த ஃபவுண்டேஷன்களில் டைட்டானியம் டை ஆக்ஸைடும் ஜிங்க் ஆக்ஸைடும் இருப்பதுண்டு. வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பது அவற்றின் குணம். 'எச்.டி. பவுடர்' என்று கண்ணுக்கே தெரியாமல் படிகிற சிலிக்கா தூளும் அந்த ரகம். அறை விளக்கில் ஒன்றும் தெரியாது. கேமராவின் மண்டையிலிருந்து ஃபிளாஷ் நேராகப் பாய்ந்ததும் முகம் மட்டும் சுண்ணாம்பாக எழுந்து நிற்கும். 2014 மே மாதம் நியூயார்க்கில் 'தி நார்மல் ஹார்ட்' படத்தின் திரையிடலுக்கு வந்த ஆஞ்சலினா ஜோலியின் முகத்தில் இப்படி வெள்ளைத் தூள் திட்டுத் திட்டாகப் படத்தில் விழ, உலகமே பேசியது. ஹாலிவுட்டில் என்றோ ஒரு நாள் தவறி நடந்தது செய்தியானது. நம் ஊரில் முகூர்த்தம் தவறாமல் நடக்கிறது, ஒருவரும் எழுதுவதில்லை. உள்ளூர்த் திறமைக்கு என்றைக்கு மதிப்பு இருந்தது?

எச்.டி. என்பது கேமரா சமாச்சாரம். படக்கருவி கூர்மையானதும் தோலின் மேல் இருக்கும் பூச்சு பூச்சாகவே தெரிய ஆரம்பித்தது. அதனால் இன்னும் நைசாக அரைத்த, இன்னும் மெல்லிசாகப் படிகிற சரக்கு சந்தைக்கு வந்தது. மெல்லிசாகப் போடுவதற்கென்றே பிறந்த பொருளை நாலு கோட் அடித்து, அதற்கு 'அல்ட்ரா எச்.டி.' என்று பேர் வைத்து, ரேட் கார்டில் தனி வரிசையும் கொடுத்த மூளைக்கு நான் தலைவணங்குகிறேன். இப்போது 'கிளாஸ் ஸ்கின்' வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் பாரிஸில் மெய்ஸோன் மார்ஜியேலா ஃபேஷன் நிறுவனத்தின் ஷோவுக்கு ஒப்பனைக் கலைஞர் பேட் மெக்ராத் மாடல்களின் முகத்தைப் பீங்கான் பொம்மை போல ஆக்கிக் காட்டினார். உரித்தெடுக்கும் ஃபேஸ் மாஸ்க்கை நீர்க்கக் கரைத்து, ஏர்பிரஷ்ஷில் பல அடுக்காகத் தெளித்து, உலர்த்தி உலர்த்திச் செய்த வேலை. நம்மவர்கள் அவ்வளவு சிரமப்படுவதில்லை. ஏ.சி. ஓடாத ஒரு கல்யாண மண்டபமும் சென்னையின் மே மாதமும் போதும், பளபளப்பு தானாக வழியும்.

அந்த மெக்ராத்தின் கதை இங்கே சொல்லத் தகாதது, இருந்தாலும் சொல்கிறேன். ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன தாய்க்குப் பிறந்தவர். கடையில் தன் கறுப்புத் தோலுக்கேற்ற நிறம் கிடைக்காததால் அந்தத் தாய் கிடைத்ததை எல்லாம் கலந்து கலந்து பார்ப்பாராம். பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை 2021-இல் 'டேம்' பட்டம் வாங்கினார். தன் நிறத்துக்குப் பொருளை மாற்றுவது என்ன பிடிவாதம்! பொருளுக்கு ஏற்றபடி நிறத்தை மாற்றிக்கொண்டு போகிற பெருந்தன்மை நம் கலைஞர்களிடம் அல்லவா இருக்கிறது!

பெருமை முழுவதும் இவர்களுக்கே சேராது, முன்னோர்களும் உண்டு. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. 2020-இல் அந்த ட்யூப்பே வெட்கப்பட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஒரு ட்யூப்புக்கு வந்த வெட்கம் நம் ஒப்பனை நாற்காலிகளை அண்டவில்லை. 2017-இல் பாடகி ரியானா தன் ஃபென்ட்டி பியூட்டி ஃபவுண்டேஷனை 40 ஷேடுகளில் இறக்கிச் சந்தையையே குழப்பிவிட்டார். அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் அடர் நிறங்களை நீட்டின. நம்மவர் பெட்டியைத் திறந்து பாருங்கள்: பளபளவென்று மூன்று ட்யூப், மூன்றும் சந்தனத்துக்கு இந்தப் பக்கம். எளிமையாக வாழ்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2015-இல் தெற்கு சூடான் மாடல் நைகோர் பால், பெரிய ஷோக்களுக்கே என் மேக்கப்பை நானே சுமந்து வர வேண்டியிருக்கிறதே என்று ஊரறியக் கேட்டார். நம் பெண்கள் அப்படியெல்லாம் மரியாதை கெட்டுப் பேசுவதில்லை. கைப்பையில் ஒரு ட்யூப்பை ஒளித்துக்கொண்டு வந்து, எல்லாம் முடிந்ததும் பாத்ரூமுக்குப் போய், கதவைத் தாழிட்டு, கழுத்தையும் முகத்தையும் சமாதானம் செய்துவைத்துவிட்டு வருகிறார்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தர்மம் நடக்கிறது. இப்போது 'டஸ்கி' ஃபேஷன். கறுப்பு மணப்பெண் என்று ஒரு ஃபோட்டோ ஷூட் செய்தால் லைக் குவிகிறது. அதற்காகக் கறுப்புப் பெண்ணைத் தேடி வெயிலில் அலைவார்களா? சிவந்த மாடலையே உட்கார வைத்து நாலு ஷேடு அடர்த்தியாகப் பூசி, தோளில் எண்ணெய் மினுங்க விட்டு, 'கறுப்பே அழகு' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். வாய்ப்புக் கேட்டு வந்த நிஜமான கறுப்புப் பெண்ணிடம் "உங்க ஸ்கின் கொஞ்சம் அன்-ஈவனா இருக்குப்பா" என்று கனிவாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இதிலும் இவர்கள் தனியாக இல்லை. 2013-இல் பிரான்சின் 'நூமெரோ' இதழ் 'ஆஃப்ரிக்கன் குவீன்' என்று தலைப்பிட்டு, 16 வயது வெள்ளை அமெரிக்கப் பெண்ணைக் கறுப்பாகத் தீட்டிப் பக்கம் பக்கமாகப் படம் போட்டது. கூச்சல் கிளம்பியதும் மன்னிப்பும் கேட்டது. 2019-இல் வந்த 'பாலா' இந்திப் படத்தில், நிறத்துக்காக ஒதுக்கப்படும் பெண்ணின் வேடத்துக்கு பூமி பெட்னேகரின் முகத்தைக் கறுப்பாக்கினார்கள். ஆக, கறுப்பாகப் பிறந்தவளுக்கு வெளுப்பு, வெளுப்பாகப் பிறந்தவளுக்குக் கறுப்பு. யாரும் பிறந்த நிறத்தோடு வீடு திரும்பவில்லை, பெட்டியில் உள்ள எல்லா ட்யூப்பும் செலவாகிறது. பொருளாதாரத்துக்கு நல்லதுதானே?

கல்விக்கும் இவர்கள் செய்த தொண்டு உண்டு. 2009-இல் இதே சென்னையில் 'விமென் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். படித்த, வசதியான பெண்ணாக நடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் வெளுப்பாகப் போட்டுக்கொள்ளலாமே என்று படப்பிடிப்பில் தன்னைக் கேட்பார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். படிப்புக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மேக்கப் ரூமில் அது எப்போதோ முடிந்த ஆராய்ச்சி.

பெண்களிடம் இந்தத் தொழிலுக்கு இருந்த பரிவை நினைத்தால் கண்ணே கலங்கும். மும்பை சினிமாவில் முகத்துக்குப் பிரஷ் பிடிப்பது ஆண், தலைவாருவது பெண் என்று ஒப்பனைக் கலைஞர் சங்கம் 1950-களிலிருந்தே பிரித்து வைத்திருந்தது. பிரஷ்ஷின் பாரம் பெண்ணின் மணிக்கட்டுக்கு ஆகாது என்று நினைத்தார்களோ என்னவோ! முறையாகப் படித்துவிட்டு வந்த சாரு குரானாவுக்கு, பெண் என்ற காரணத்தாலும் ஐந்து வருடம் மகாராஷ்டிரத்தில் குடியிருக்கவில்லை என்ற காரணத்தாலும் சங்க உறுப்பினர் அட்டை தரமாட்டோம் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2014 நவம்பரில் நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் உதய் லலித்தும் அந்த விதிகளைத் தூக்கி எறிந்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டிக் காத்த பரிவை ஒரு தீர்ப்பில் கலைத்துவிட்டார்களே!

இப்போது பெண்களுக்குத் தடையே இல்லை. காலையில் சேர்ந்தால் சாயங்காலம் சான்றிதழ். 'மாஸ்டர் கிளாஸ்' என்று பெயர். ஒரு மாடல் ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார், முன்வரிசை முகத்தைப் பார்க்கும், பின்வரிசை முன்வரிசையின் தலையைப் பார்க்கும், மத்தியானம் பிரியாணி, கடைசியில் குருவோடு ஒரு செல்ஃபி. மறுநாள் காலையில் இன்ஸ்டாகிராமில் 'செலிபிரிட்டி மேக்கப் ஆர்டிஸ்ட்' உதயமாகிவிடும். சீரியலில் இரண்டு காட்சி வந்துபோன யாரோ ஒருவருக்கு லிப்ஸ்டிக் எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். மருத்துவம் ஐந்தரை வருடம் படிக்கச் சொல்கிறார்களே, அவர்கள் இங்கே வந்து பாடம் கற்கலாம்.

மருத்துவம் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அந்த ஷோவில் 16 முகங்களுக்கும் ஒரே ஈர ஸ்பாஞ்சுதான். கண்மைக்கு ஒரே பென்சில். லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்த்து, மூடி, அடுத்த உதட்டுக்குத் திறந்தார்கள். பிரஷ்ஷில் ஒட்டிய தூளை வாயால் ஊதிவிட்டுக் கண்ணருகே கொண்டுபோனார்கள். பல்லெட்டில் கொஞ்சம் வழித்து வைத்துக்கொள்வது, ஆளுக்கொரு மஸ்காரா குச்சி மாற்றுவது, முகத்துக்கு முகம் பிரஷ்ஷைச் சுத்தம் செய்வது எல்லாம் தீண்டாமையின் மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார்கள் போலும். இரண்டு நாள் கழித்து அந்த வரிசையில் பாதிப்பேருக்குக் கண் சிவந்திருந்தது. சென்னைக்கு ஊரெல்லாம் பேர் வாங்கித் தந்த மெட்ராஸ் ஐ, ஒரு கண்மைப் பென்சிலின் தயவில் மணிப்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

காசு விஷயத்திலும் இவர்களுக்குத் துறவு மனப்பான்மை. மாடலின் காசு விஷயத்தில். 'கொலாப்' என்று கூப்பிடுவார்கள். அதிகாலை 5 மணிக்கு வந்து, ராத்திரி வரைக்கும் பத்து கிலோ ஜடை அலங்காரத்தைச் சுமந்து, இமைமுடிக் கோந்து கண்ணில் இறங்கி அழுதுகொண்டே சிரிக்கும் பெண்ணுக்குக் கூலியாக இன்ஸ்டாகிராமில் ஒரு டேக். அந்த ஒரு நாள் படத்தை வைத்துக் கலைஞருக்கு வருடம் முழுக்க அட்வான்ஸ் வரும். சின்ன வயசில் கையில் பணம் புழங்கினால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்ற அக்கறை. (ஃபோட்டோகிராபருக்கும் சில சமயம் டேக் மட்டும்தான். எங்களையும் கெடுக்க அவர்களுக்கு மனசில்லை.)

இவ்வளவு நல்லவர்கள் மத்தியில் ஒரு பிழைக்கத் தெரியாத ஜென்மத்தையும் சொல்லியாக வேண்டும். கோடம்பாக்கத்துப் பக்கம் குடியிருக்கும் ஓர் அக்கா. அவரோடு வேலைக்குப் போனால் எனக்குப் பொழுதே போகாது. வந்ததும் கையைக் கழுவுகிறார். பெண்ணை முகம் கழுவச் சொல்லிவிட்டு சும்மா உட்கார்ந்து பார்க்கிறார். எதைப் பார்க்கிறார்? கழுத்தை, காதுமடலை, மணிக்கட்டின் உட்பக்கத்தை. ரிங் லைட்டை அணைக்கச் சொல்லி ஜன்னல் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார். தட்டில் மூன்று நிறங்களை இரும்புக் கரண்டியால் வழித்து, துளித்துளியாகச் சேர்த்துக் கலக்கிறார். தோலில் தொட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கிறார். சில ஃபவுண்டேஷன் காற்றுப் பட்டதும் கறுக்குமாம், அது அடங்கட்டுமாம். பவுடர் போடுமுன் "தம்பி, ஃபிளாஷ் வச்சு ஒண்ணு எடுங்க" என்கிறார். என் திரையில் குனிந்து பார்த்துவிட்டு, கன்னத்து ஓரத்தில் எதையோ துடைத்துவிட்டு, இன்னொன்று எடுக்கச் சொல்கிறார். கழுத்துக்குப் போடுகிறார், காதுக்குப் போடுகிறார், கைக்கும் போடுகிறார். மச்சத்தைச் சுற்றிப் போடுகிறார். இத்தனைக்கும் பிறகு பார்த்தால், நன்றாகத் தூங்கி எழுந்து வந்த அதே பெண் உட்கார்ந்திருக்கிறாள். என் கம்ப்யூட்டரில் தோலை வழுவழுப்பாக்கும் மென்பொருளுக்கு அன்று வேலையே இல்லை. என் பிழைப்பிலும் மண்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தி கேட்டேவிட்டார். "ஏம்மா, மூணு மணி நேரம் போட்டியே, எங்க புள்ள எப்பவும் மாதிரிதானே இருக்கு? இதுக்கா இவ்வளவு காசு?"

அந்த அக்காவுக்கு அப்போதாவது சுதாரிக்கத் தெரிந்ததா? "ஆமாங்க, அதுக்குத்தான் மூணு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு பிரஷ்களைக் கழுவ எழுந்து போய்விட்டார். சித்தி பேசிய தொகையில் 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார், ரொம்ப நியாயம். விருதுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பதிவுக் கட்டணம் கட்டவில்லையாம், விழா அன்றைக்கு வேறு முகூர்த்தம் இருக்கிறதாம். விழாக் குழுவினர் தயவுசெய்து இந்த விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும்.